ஒரே சீட்டில் மூன்று சரக்கு
(போர்ட்லண்ட் நகர சாசனத் திருத்தம் தரும் பாடம்)



கூட்டு வியாபாரம் தொடங்குகிறவர்கள் முதலில் பத்திரம் எழுதிக் கொள்கிறார்கள். கொள்முதல் யார் பார்ப்பது, காசோலையில் யார் கையெழுத்திடுவது, கருத்து வேறுபாடு வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் பல நகரங்களுக்கும் இத்தகைய பத்திரம் உண்டு. அதற்கு நகர சாசனம் என்று பெயர். அதைத் திருத்துவதானால் பெரும்பாலும் ஊர் மக்களிடம் வாக்குச் சீட்டில் சம்மதம் பெற வேண்டும். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் 2022 நவம்பர் 8-ஆம் தேதி அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அதில் நம்மைப் போன்றோர் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

பழைய ஏற்பாடு

1913-இல் ஏற்றுக்கொண்ட சாசனப்படி அந்நகரை ஐவர் நடத்தினர். ஒருவர் மேயர், நால்வர் கமிஷனர்கள். மேயர் துறைகளைப் பங்கிட்டுக் கொடுப்பார். ஒருவரிடம் குடிநீர், இன்னொருவரிடம் சாலை, வேறொருவரிடம் தீயணைப்பு. சட்டம் இயற்றுகிறவர்களே துறைகளையும் நடத்தினார்கள். ஐந்து பங்காளிகள் உள்ள மண்டியில் ஒருவர் பருப்பையும் மற்றவர் மிளகாயையும் தனித்தனியே நடத்த, மொத்தக் கணக்கை எவரும் பார்க்காதது போன்ற நிலை இது. கடை கட்ட அனுமதி கேட்பவரின் மனு, வெவ்வேறு கமிஷனர்களின் கீழுள்ள பல துறைகளைச் சுற்றி வர வேண்டும். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் கிடைக்காது. மேலும் ஊர் முழுவதும் சேர்ந்து ஐவரையும் தேர்ந்தெடுத்ததால், கிழக்குப் பகுதி மக்களில் ஒருவர் மன்றத்துக்குப் போவது அபூர்வமாக இருந்தது.

புதிய ஏற்பாடு

20 பேர் கொண்ட சாசனக் குழு ஆய்வு செய்தது. 15 பேர் ஒப்பினால் யோசனை நேரே மக்களிடம் போகும் என்பது விதி. 17 பேர் ஒப்பினர். மக்கள் முன் வைத்தவை மூன்று:

1. நிர்வாகத்தை மேயரும், அவருக்குக் கீழே ஒரு தலைமை நிர்வாக அதிகாரியும் நடத்துவது. மன்றம் சட்டம் இயற்றுவதோடு நிற்கும்.

2. நகரை 4 வட்டாரங்களாக்கி, வட்டாரத்துக்கு மூவர் வீதம் 12 உறுப்பினர்.

3. வாக்காளர் 1, 2, 3 என விருப்ப வரிசை குறித்து வாக்களிப்பது. வட்டாரத்தில் 100 வாக்கு பதிவானால் 26 பெற்றவர் வெற்றி பெறுவார். நான்கு பேர் ஆளுக்கு 26 பெற முடியாது. கூட்டினால் 104 ஆகிவிடும். ஆகவே மூவருக்குத்தான் இடம். உபரி வாக்குகளும், கடைசியில் நிற்பவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்குப் போகும்.

வழக்கும் தீர்ப்பும்

இந்த மூன்றுக்கும் சேர்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என ஒரே கேள்விதான் வைத்தார்கள். வேகமாக விற்கும் சோப்பு வேண்டுமானால் விற்காத பவுடரையும் எடுத்தாக வேண்டும் என்று கம்பெனிப் பிரதிநிதி சொல்வதை நாம் அறிவோம். அங்குள்ள வணிகர் அமைப்பும் அதையே உணர்ந்து, கேள்வியைப் பிரிக்கக் கோரி நீதிமன்றம் சென்றது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, பிரித்தால் ஏற்பாடு நிற்காது என்பது ஆதரவாளர் வாதம். 2007-இல் மேயருக்கு அதிகாரம் தரும் யோசனையை நிராகரித்த அதே ஊர், இம்முறை ஏறத்தாழ 58 சதவீத வாக்குகளால் 'ஆம்' என்றது.

2024 நவம்பரில் புதிய முறையில் தேர்தல் நடந்தது. சரக்கு லாரி நிறுவனம் நடத்தி வந்த கீத் வில்சன் மேயரானார். 2025 ஜனவரியில் மன்றம் கூடியபோது, தலைவரைத் தேர்ந்தெடுக்கவே பலமுறை வாக்கெடுக்க வேண்டியதாயிற்று. 12 என்பது இரட்டை எண். தலைவர் தேர்வில் ஆறுக்கு ஆறாகப் பிரிந்ததால் காரியம் தாமதமானது. பெரிய மாற்றத்தை ஆராய்கிறவர்கள் இத்தகைய சிறு எண்ணையும் ஆராய வேண்டும்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் நகராட்சிச் சட்டத்தைச் சட்டமன்றமே திருத்துகிறது. வாக்குச் சீட்டு நம் கைக்கு வராது. ஆனால் நம் சங்கத்தின் துணைவிதிகளைத் திருத்துவது பொதுக்குழுவில் நாம் தூக்கும் கைதான். சந்தாவும் சேமநிதியும் யார் கையெழுத்தில் செலவாகும் என்பது அதில்தான் முடிவாகிறது. பந்திக்கு நேரமாகிறது என்று கை தூக்கிவிட்டுப் போகலாகாது. நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்:

1. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்?
2. மூலைக் கடைக்காரருக்கும் இடம் உண்டா?
3. வாக்குச் சமமானால் தீர்ப்பவர் யார்?
4. பல திருத்தங்களை ஒன்றாகக் கட்டியிருந்தால், பிரிக்க முடியாத காரணம் என்ன?

நான்காவதற்கு நல்ல காரணம் சொன்னால் மொத்தமாக ஏற்போம். சொல்லாவிட்டால் தனித்தனியே வாக்கெடுக்கக் கோருவோம். சரக்கைப் பிரித்துப் பார்த்து வாங்கிப் பழகிய நமக்கு இது புதிய வேலை அல்ல.