எர்த்தா, ஐசொலேட்டரா, ஃபில்டரா? கார் ஸ்டீரியோ விசிலுக்கு எது மருந்து

புதிதாக ஆம்ப்ளிஃபையரும் வூஃபரும் மாட்டிய கார். வண்டி நிற்கும்போது பாட்டு சுத்தமாகக் கேட்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கருக்குள் மெல்லிய விசில் ஒன்று நுழைகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விசிலும் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். மாட்டிக் கொடுத்த கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்: ஐசொலேட்டர் போடலாம், பவர் ஒயரில் ஃபில்டர் போடலாம், ஆர்.சி.ஏ. கேபிளை மாற்றலாம். மூன்றும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. நான்காவது வழி ஒன்று உண்டு: எர்த்தை அவிழ்த்து, சுரண்டி, திரும்ப முடுக்குவது. அதற்கு எதுவும் வாங்க வேண்டாம். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விசிலின் ஊற்று ஆல்டர்னேட்டர். நம் மெக்கானிக்குகள் டைனமோ என்பார்கள். அதற்குள் உண்டாவது மூன்று ஃபேஸ் ஏ.சி. மின்சாரம். ஆறு டையோடுகள் அதை டி.சி.யாக்குகின்றன, ஆக்கிய பிறகும் மேலே சிற்றலை மிச்சமிருக்கும். 12 போல் கொண்ட ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 அலை. எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் ஓடி, புல்லி விகிதம் இரண்டரையாக இருந்தால் வினாடிக்கு 1,200 அலை. 3,000 ஆர்.பி.எம்.மில் 4,500. இரண்டுமே காதுக்கு நன்றாகப் பிடிபடும் சுருதி. ஆல்டர்னேட்டர் இருக்கும்வரை இந்த அலையும் இருக்கும். அது பாட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும்.

முதல் சோதனைக்குக் காது போதும். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். விசில் அப்படியே இருந்தால், வால்யூமைத் தாண்டிய இடத்தில், அதாவது ஆர்.சி.ஏ. கேபிளிலோ ஆம்ப்பிலோ நுழைகிறது. வால்யூமோடு கூடிக் குறைந்தால் அதற்கு முன்பே, ஃபோனிலோ ஆக்ஸ் ஒயரிலோ நுழைகிறது. அடுத்து, பழைய ஆர்.சி.ஏ. பிளக் ஒன்றின் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வையுங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு அதன் இன்புட்டில் இதைச் செருகி, மறுபடி எஞ்சினை ஓட விடுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றம் முன்பக்கம், ஸ்டீரியோவிலோ கேபிளிலோ. போகாவிட்டால் ஆம்ப்பின் பவரிலோ எர்த்திலோ. இந்தப் பிளக்கை ஸ்டீரியோவின் அவுட்புட்டில் மட்டும் செருகிவிடாதீர்கள், அது கெட்டுப்போகலாம்.

இப்போது எர்த். காரின் பாடி முழுவதும் ஒரே மைனஸ் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஹெட்லைட், ஏ.சி. ப்ளோயர், ஃபேன் எல்லாவற்றின் மின்சாரமும் அந்தத் தகட்டின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓர் இடத்துக்கும் டிக்கியில் ஓர் இடத்துக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிடும். ஸ்டீரியோ அங்கே எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப் இங்கே. இரண்டையும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிவலை இணைக்கிறது. அந்த வலையில் ஓடும் திருட்டு மின்சாரம்தான் பாட்டோடு கலந்து விசிலாகிறது.

இதை அளந்தே பார்க்கலாம். எஞ்சினையும் ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் ஓட விட்டு, பாட்டைச் சத்தமாக வையுங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், நீளமான ஒயர் சேர்த்த மறுமுனையை ஆம்ப்பின் எர்த் டெர்மினலிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அரை வோல்ட்டை நெருங்கினால் வேறெதையும் வாங்க வேண்டாம், இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்வதில் பொறுமை வேண்டும். பெயின்ட்டுக்கு மேல் ஸ்க்ரூ அடித்து எர்த் கொடுத்த வண்டிகள்தான் நான் பார்த்தவற்றில் அதிகம். தகடு பளபளக்கும்வரை பெயின்ட்டைச் சுரண்டுங்கள். ரிங் லக்கை நன்றாக கிரிம்ப் செய்து, பல் வாஷர் வைத்து, போல்ட் நட்டால் முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே பெயின்ட் தடவிவிட்டால் துரு ஏறாது. எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே தடிமனில், 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அது உயிர் காக்கும் போல்ட். செம்பு பூசிய அலுமினிய ஒயரும் தாமிரம் போலவே பளபளக்கும், ஆனால் மின்சாரம் கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். கடற்கரை ஊர்களில் ஓடிய பழைய வண்டி என்றால் பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளையும் கழற்றித் தேய்த்துவிடுங்கள். ஸ்டீரியோவின் மெல்லிய கறுப்பு ஒயரையும் தனியாக நல்ல தகட்டில் இறக்குங்கள்.

எர்த் நன்றாக இருந்தும் விசில் வந்தால் ஐசொலேட்டரைப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் இருப்பவை சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு காந்தத்தின் வழியாகக் கடக்கும், எர்த் கடக்காது, வளையம் அறுந்துவிடும். சில நூறு ரூபாயில் சத்தம் நின்றுவிடுவதால் கடைக்காரர்களுக்குப் பிடித்த மருந்து. ஆனால் மலிவான ஐசொலேட்டரின் சிறிய இரும்புக் கரு தாழ்ந்த சுருதிகளைத் தாங்காது. என் முந்தைய காரில் வூஃபர் லைனில் அதைப் போட்டுவிட்டார்கள். விசில் போனது, கூடவே இளையராஜா பாட்டுகளில் நான் தேடித் தேடிக் கேட்கும் பேஸ் கிடாரும் மெலிந்துபோனது. எர்த்தைச் சரிசெய்து, ஐசொலேட்டரைக் கழற்றிய பிறகுதான் அது திரும்பி வந்தது. ஃபோனை வண்டியிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு ஆக்ஸ் ஒயரில் கேட்கும்போது மட்டும் இரைகிறது என்றால் ஐசொலேட்டர் சரியான தேர்வு. சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் அதுதான் காரணம். ப்ளூடூத்துக்கு மாறினால் அந்தச் செலவும் இல்லை.

ஃபில்டர் என்பது ஒரு சோக்கும் கெபாசிட்டரும். ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயரில் போடுவது. மலிவான ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் பவர் வழியாகவே இரைச்சல் ஏறுவதுண்டு. அங்கே இது நன்றாக வேலை செய்யும். வாங்கும்போது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பாருங்கள், ஸ்டீரியோவின் ஃப்யூஸ் அளவுக்குக் குறையக் கூடாது. ஆம்ப்பின் பவர் ஒயரில் மட்டும் இதைப் போடாதீர்கள். 30, 40 ஆம்பியர் இழுக்கும் ஒயரில் சிறிய சோக் சூடேறிக் கருகும். விசிலுக்கு மருந்தென்று ஒரு ஃபாரட் கெபாசிட்டரை விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேபிளை மாற்றும் முன் வேறொரு ஆர்.சி.ஏ. கேபிளை இரவல் வாங்கி, சீட்டுகளுக்கு மேலாகவே ஆம்ப் வரை இழுத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் பழைய கேபிளோ அது போகும் பாதையோ குற்றவாளி. பவர் ஒயர் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. மறுபக்கமும் போகட்டும். முறுக்கிய இரட்டைக் கம்பிக் கேபிள், வெறும் தடித்த உறை போட்டதைவிட நல்லது. சில ஸ்டீரியோக்களில் ஆர்.சி.ஏ. எர்த்தில் ஒரு பொடி ஃப்யூஸ் இருக்கும். பவர் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் அது போய்விடலாம். ஆர்.சி.ஏ. வெளி வளையத்தை ஒரு துண்டு ஒயரால் ஸ்டீரியோவின் உடம்போடு தொட்டதும் சத்தம் அடங்கினால் அந்த ஃப்யூஸ்தான்.

எஞ்சின் நின்றாலும் மாறாத 'ஸ்ஸ்' சத்தம் வேறு ரகம். பெரும்பாலும் ஆம்ப்பின் கெயினைத் தேவைக்கு மேல் திருப்பியதால் வருவது, குறைத்தாலே போதும். எஃப்.எம்.மில் மட்டும் இரைந்தால் டேஷ்கேமையும் யு.எஸ்.பி. சார்ஜரையும் பிடுங்கிப் பாருங்கள். அவற்றின் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். ஆல்டர்னேட்டர் விசிலுக்கு அந்த வளையத்தால் பயனில்லை. பெட்ரோல் வண்டியில் டிக் டிக் என்று வேகத்தோடு கூடும் சத்தம் இருந்தால் ரெசிஸ்டர் ஸ்பார்க் பிளக்தானா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

எதற்கும் அடங்காத விசில் என்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். மலிவான மீட்டர்கள் சில டி.சி.யையே ஏ.சி. போலக் காட்டும், எஞ்சின் நிற்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஸ்டீரியோ கடையில் வழியில்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள், பல வண்டிகளில் டையோடு பிளேட்டை மட்டும் மாற்ற முடியும். டையோடு போனால் பேட்டரிக்கு ஏறும் சார்ஜும் குறையும், ஆகவே அடுத்த இரவுப் பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.