புற்றுநோய் ஆராய்ச்சியில் பல்துறைப் பயிற்சி

புற்றுநோய் ஒரு துறைக்குள் அடங்கும் பொருளன்று. நோயாளியைக் காண்பவர் மருத்துவர். திசுவைச் சோதிப்பவர் நோய்க்குறியியலார். உயிரணுவின் உட்செயலை ஆராய்பவர் உயிரியலார். மருந்தை ஆக்குபவர் இரசாயன நிபுணர். ஒருவர் கண்டது மற்றவருக்கு விளங்காவிடின் அது ஏட்டளவில் நின்றுவிடும். ஆதலின், இத்துறையில் புகும் இளைஞருக்கு அயல் துறைகளிலும் பயிற்சி வேண்டப்படுகிறது. இவ்வுண்மையை ஒரு நோயின் வரலாறு நன்கு விளக்கும்.

ஒரு குரோமோசோமின் கதை

நாட்பட்ட மயலாய்டு இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல் என்னும் நோய்க்குறியியலார் இவ்வகை அணுக்களை ஆராய்ந்து வந்தார். கண்ணாடித் தகட்டைக் குழாய் நீரில் கழுவியபோது அணுக்கள் பருத்து, குரோமோசோம்கள் தெளிவாகத் தோன்றின. குரோமோசோம் ஆய்வில் அவருக்குப் பயிற்சியில்லை. எனவே, டாக்டர் பட்டத்திற்காகக் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் மாணவருடன் சேர்ந்து உழைத்தார். இந்நோயாளரிடம் ஒரு குரோமோசோம் இயல்புக்கு மாறாகச் சிறுத்திருப்பதை இருவரும் 1960-இல் வெளியிட்டனர்.

அதன் 22-ஆம் குரோமோசோமிலிருந்து பிரிந்த துண்டு 9-ஆம் குரோமோசோமுடன் இணைந்திருந்ததை, சிகாகோ மருத்துவர் ஜேனட் ரௌலி 1973-இல் காட்டினார். மருத்துவப் பட்டம் பெற்றபின் டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர் ஓவன் விட். எலிகளைத் தாக்கும் ஒரு வைரஸின் 'ஏபிஎல்' புரதம் டைரோசின் கைனேஸ் என்னும் நொதி என்பதை அவரும் உடனுழைத்தோரும் 1980-இல் அறிவித்தனர். மனிதரின் 9-ஆம் குரோமோசோமிலுள்ள இதே மரபணு, இந்நோயில் 22-ஆம் குரோமோசோமுக்கு இடம்பெயர்ந்து வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொள்வது பின்னர்ப் புலனாயிற்று. அதனால் அந்நொதி ஓய்வின்றிச் செயற்பட, அணுக்கள் பெருகுகின்றன.

சுவிட்சர்லாந்து நாட்டு இரசாயன நிபுணர்கள் அந்நொதியைத் தடுக்கும் பொருளை ஆக்கினர். மருத்துவராகவும் நொதி ஆராய்ச்சியில் பயின்றவராகவும் விளங்கிய பிரையன் டிரக்கர் அதை 1998-இல் நோயாளரிடம் சோதிக்கத் தொடங்கினார். முன்னைய சிகிச்சை பயன்படாத நோயாளருள், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது. இமாட்டினிப் என்னும் அம்மருந்துக்கு 2001-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

பயிற்சியின் இயல்பு

"அகல உழுவதிலும் ஆழ உழு" என்பது பழமொழி. பல்துறைப் பயிற்சி அதற்கு முரணாகாது. மாணவர் தம் துறையை ஆழக் கற்றல் முதற்கடமை. அயல் துறையாரிடம் பொருளுள்ள வினாவை எழுப்பும் அறிவைப் பெறுதல் அடுத்தது. இதன்பொருட்டு அவர் பல ஆய்வுக்கூடங்களில் சில காலம் பயில்வர், இரு துறை வழிகாட்டிகளின் கீழ் ஆய்வர், புள்ளியியல் கற்பர், மருத்துவர் கூடி நோயாளரைப்பற்றி ஆராயும் அவைகளில் அமர்வர். பட்டத்திற்குப் பிற்பட்ட பயிற்சி, துறை மாறிக் கற்க ஏற்ற காலமாகும்.

நம் நாட்டில் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 1952-இல் பம்பாயில் நோய்க்குறியியலார் வி. ஆர். கானோல்கர் தலைமையில் நிறுவப்பட்டது. 1966-இல் அது டாட்டா நினைவு மருத்துவமனையுடன் இணைந்தது. மருத்துவமும் ஆய்வும் ஒரே அமைப்பின்கீழ் வந்தன.

ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பில் கூறி, ஒவ்வொரு படியிலும் எத்துறை அறிவு உதவிற்று என மாணவரை எழுதச் செய்யலாம். களப்பணியாளர் நோயாளரின் வயதையும் தொழிலையும் பழக்கங்களையும் பிழையின்றிக் குறித்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எழும் வினாக்கள் பல அக்குறிப்பிலிருந்தே தொடங்குகின்றன.