‘கூலி’யை அழிக்காதே
கிள்ளானில் இருக்கும் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளருக்கு

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய இயல்களைப் படித்தேன். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களைப் பற்றிய பழைய ஆங்கில அறிக்கைகளையும் துரைமார் கடிதங்களையும் தமிழில் கொண்டுவர ஓர் இளையவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய நிறைவு. நடை தடையில்லாமல் ஓடுகிறது. ஒன்றில் மட்டும் எனக்கு உன்னோடு வழக்கு இருக்கிறது. அதைப் பொதுவில் எழுதக் காரணம், இந்த வேலைக்கு இனி வருகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுவார்கள் என்பது.

ஆங்கிலத்தில் ‘கூலி’ என்று வந்த இடத்திலெல்லாம் நீ ‘தொழிலாளர்’ என்று எழுதியிருக்கிறாய். 1880களின் தாளிலும் தொழிலாளர், 1941ஆம் ஆண்டுத் தாளிலும் தொழிலாளர். ஏன் என்று எனக்குத் தெரியும். நம் பாட்டன் பாட்டிமாரை அந்தப் பெயரால் இன்னொரு முறை அழைக்க உனக்குக் கை கூசியது. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது பக்கத்துக்குள் வந்துவிட்டால், அவர்களை யார் எப்படி அழைத்தார்கள் என்ற சாட்சியமே காணாமல் போய்விடும்.

சொற்பொருள் காலத்தோடு நகரும் என்று தமிழ் படித்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம். ஆங்கிலத்தில் இன்று இனிமையைக் குறிக்கும் ‘நைஸ்’ 14ஆம் நூற்றாண்டில் அறிவிலியைக் குறித்தது. மானைக் குறிக்கும் ‘டீர்’ பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்குக்கும் பெயர். வடமொழியின் ‘மிருக’மும் அதே போல மானுக்குச் சுருங்கியது, தமிழில்தான் அது எல்லா விலங்குக்கும் பொதுவாக நின்றது. இவையெல்லாம் யாரையும் காயப்படுத்தாத மாற்றங்கள். ‘கூலி’யின் கதை அப்படியல்ல.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பலன். வள்ளுவர் முயற்சியின் பயனைச் சொல்லவும் அந்தச் சொல்லைத்தான் எடுத்தார். வேலை செய்கிறவரைச் சொல்ல வேண்டுமானால் நாம் ‘ஆள்’ சேர்த்துக் கூலியாள் என்போம், அல்லது கூலிக்காரர் என்போம். ஐரோப்பிய வணிகர்களின் வாயில் இந்தச் சொல் ஏறியபோது ‘ஆள்’ உதிர்ந்துவிட்டது. குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இரண்டு ஊற்றும் ஒன்றில் கலந்தன என்போரும் உண்டு. எப்படியானாலும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது சுமை தூக்குபவருக்கான சாதாரணப் பெயர். அப்போது அதில் நஞ்சு அதிகம் இல்லை.

நஞ்சு ஏறியது 19ஆம் நூற்றாண்டில். கரும்புக்கும் காப்பிக்கும் ஈயத்துக்கும் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றத் தொடங்கியதும், ஒரு வேலையின் பெயர் ஓர் இனத்தின் பெயராயிற்று. 1893இல் தென்னாப்பிரிக்கா போன காந்தியை அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். வழக்கறிஞரானாலும் இந்தியர் என்றால் கூலிதான். நம் பெயர்களின் கடைசியில் வரும் ‘சாமி’யைக்கூட அங்கே வசைச் சொல்லாக்கினார்கள். சீனத்தில் இதே ஒலியைத் ‘துன்ப உழைப்பு’ என்று பொருள் தரும் இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். அந்த எழுத்துகளைத் தேர்ந்தவர் எவரோ, உள்ளதை உள்ளபடி கண்டவர்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று. உன் இரண்டாம் இயலில் வரும் கோலாலம்பூர்த் தாள் ஈயச் சுரங்கத்தைப் பற்றியது. 1880களில் சிலாங்கூர்ச் சுரங்கங்களைப் பற்றி எழுதும் ஆங்கிலேயர் ‘கூலி’ என்றால், பெரும்பாலும் சீனரைத்தான் சொல்கிறார். தோட்டத் தாளில் அதே சொல் தமிழரைக் குறிக்கிறது. ‘நம் மக்கள்’ என்று நீ அந்தச் சுரங்கத் தாளில் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருப்பதை எடுத்துவிடு.

இனி, ‘கூலி’யைவிட எனக்கு அதிகம் உறுத்தும் ஒரு சொல். உன் மூன்றாம் இயலில், ஊரில் ஆள் சேர்த்து அழைத்துவந்த கங்காணி வழியாக வந்தவர்களைச் ‘சுதந்திரமான தொழிலாளர்கள்’ என்று மொழிபெயர்த்திருக்கிறாய். மூலத்தில் ‘ஃப்ரீ’ என்று இருப்பது உண்மை. ஆனால் எந்த ‘ஃப்ரீ’? அந்தச் சொல்லின் அடிவேர் அன்பைக் குறிப்பது. நண்பனைக் குறிக்கும் ‘ஃப்ரெண்ட்’ அதன் உடன்பிறப்பு. வீட்டில் அன்புக்குரிய சொந்தங்கள் ஒரு பக்கம், அடிமைகள் மறுபக்கம் என்றிருந்த காலத்தில், சொந்தத்தைக் குறித்த சொல் அடிமையல்லாதவரைக் குறிப்பதாயிற்று. பிறகு தடையில்லாதது, பிறகு காசில்லாதது. இன்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைப் பலகையில் நாம் காண்பது இந்தக் கடைசிப் பொருள்.

உன் தாளில் இருப்பது இவற்றில் எதுவும் இல்லை, ஒரு சட்டப் பொருள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907இல் அமைத்த குடியேற்ற நிதிக்குத் தோட்டக்காரர்கள் செலுத்திய வரியிலிருந்து கப்பல் செலவு தரும் ஏற்பாடு வந்திருந்தது. அப்படி வந்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர். ஒரு மாதம் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். அதிகாரிகளின் ‘ஃப்ரீ’ அவ்வளவுதான். விலகினால் லயத்து வீடு போகும், கடைக் கடன் கழுத்தைப் பிடிக்கும், வேலைக்கு வந்த ஆளைக் கணக்கிட்டுத் தலைக்காசு வாங்கும் கங்காணி விடமாட்டார். இதைச் ‘சுதந்திரம்’ என்று தமிழில் எழுதினால் 1947ஐயும் 1957ஐயும் பார்த்த சொல்லை அந்த லயத்தின் வாசலில் கொண்டுபோய் வைக்கிறோம். ‘ஒப்பந்தமில்லாத ஆட்கள்’ என்று எழுது. அது நேர்மையானது.

சிறியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டிரெசர்’ தோட்ட மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுத்தவர். இன்றைய அகராதி உனக்கு ஒப்பனை மேசையைக் காட்டும். ‘கிளார்க்’ முதலில் பாதிரியார், பிறகு எழுதத் தெரிந்தவர், பிறகு அலுவலக எழுத்தர். உனக்குக் ‘கிராணி’ போதும். ‘பரேட்’ அணிவகுப்பு அல்ல, விடியுமுன் ஆள் கணக்கெடுத்த பெரட்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பாய். ஆங்கிலேயர் தங்கள் மொழிக்குச் செய்துகொண்ட மிகப் பெரிய உதவி ஆக்ஸ்போர்டு அகராதி. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் எழுந்த யோசனை. முதல் பகுதி 1884இல் வந்தது, முழுமையானது 1928இல். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த ஆண்டில் யார் எந்தப் பொருளில் எழுதினார் என்று மேற்கோளோடு அடுக்கியிருப்பார்கள். உன் தாளின் ஆண்டை முதலில் குறித்துக்கொண்டு, அதையொட்டிய மேற்கோள்களை மட்டும் படி. அடுத்தது ‘ஹாப்சன்-ஜாப்சன்’, இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களின் அகராதி. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்தது.  பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். ஆள்கிறவரின் பார்வை அந்த நூலில் உண்டு, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உன் துரைமார் பேசிய ஆங்கிலம் அதுதான்.

ஆங்கில அகராதிகள் பாதி வேலைதான் செய்யும். மீதிக்குத் தமிழ்ப் பத்திரிகைகளிடம் போ. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் உனக்குப் பெரிய சுரங்கம். அந்தந்த ஆண்டில் நம்மவர்கள் தங்களை எப்படி எழுதிக்கொண்டார்கள் என்று பார். ஆங்கிலத் தாள்களுக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது. இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து 1937இல் அளித்த அறிக்கையின் தலைப்பு ‘இந்தியத் தொழிலாளர்’ என்று பேசுகிறது. அதே காலத்துத் துரையின் கடிதத்தில் ‘கூலி’ தொடர்கிறது. 1954இல் அமைந்த தொழிற்சங்கம் தன் பெயரிலேயே தோட்டத் தொழிலாளர் என்று எழுதிக்கொண்டது. நீ எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டதால், அவர்கள் போராடி அடைந்த பெயர் பிறந்தபோதே கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. 1880களின் தாளுக்குக் ‘கூலியாள்’ பொருந்தும். 1930களின் துரைக்குக் ‘கூலி’ என்றே விடு, அவர் சொன்னது அவர் மேலேயே நிற்கட்டும். சாஸ்திரிக்குத் ‘தொழிலாளர்’.

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிய இயலை இன்னும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்திய அந்த ஆண்டில், ஊதிய உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கேட்டார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் பக்கங்களில் அவர்களை ‘கூலி’ என்றவர் யார், ‘தொழிலாளர்’ என்றவர் யார் என்று வரிவரியாகப் பிரித்து, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி எனக்கு அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்