மிளகுக்கொடியில் தொடங்குங்கள்: பீர்மேட்டுக்காரர்களுக்கு டச்சு மரபு பற்றிய முழுமையான வழிகாட்டி

டச்சு என்றதும் துலிப் பூவும் காற்றாலையும் நினைவுக்கு வரும். அவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். பீர்மேட்டில் இருப்பவருக்குத் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிடக்கும் குறுமிளகுக்கொடி போதும். அந்த மணிக்காகத்தான் அவர்கள் கடல் கடந்து வந்தார்கள்.

படி 1: ஐந்து ஆண்டுகளை மனத்தில் வையுங்கள்

1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1663-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது. நம் மலையடிவாரத்துத் தெக்கும்கூர், வடக்கும்கூர் அரசுகளோடு மிளகு ஒப்பந்தம் போட்டது. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில், உள்ளூர் அரசர்களின் சண்டையில் இனித் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. 1795-இல் கொச்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இவர்களை நல்ல வியாபாரிகள் என்று மட்டும் படித்துவிடக் கூடாது. வேறு யாருக்கும் மிளகு விற்காதே என்று கட்டுப்படுத்தி விலையை அமுக்கினார்கள். பழவேற்காட்டிலிருந்தும் கொச்சியிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கட்டடங்களின் அழகைப் பார்க்கும்போது இதையும் மறக்காதீர்கள்.

படி 2: மலையிறங்கிக் கொச்சிக்குப் போங்கள்

குட்டிக்கானம், முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி, கோட்டயம் வழியாக எறணாகுளம். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் பேருந்தைவிடப் படகே நல்லது. வந்தவர்கள் எல்லாரும் நீர்வழியாகத்தானே வந்தார்கள். கோட்டையை ஆங்கிலேயர் இடித்துவிட்டதால் கோட்டையைத் தேடி அலைய வேண்டாம். பரேடு மைதானத்துக்கு எதிரே 1740 என்று பொறித்த கம்பெனி முத்திரை வாயிலைப் பாருங்கள். புனித பிரான்சிஸ் தேவாலயத்தின் சுவர்களில் டச்சுக் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடமும் அதுதான். கடற்கரையை ஒட்டி 1724-ஆம் ஆண்டின் டச்சுக் கல்லறைத்தோட்டம் இருக்கிறது. பெரும்பாலும் பூட்டியே இருக்கும். தேவாலயத்தில் கேட்டுப் பாருங்கள்.

மட்டாஞ்சேரி ‘டச்சு அரண்மனை’யில் ஒரு திருத்தம் தேவை. அதைக் கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர், 1555 வாக்கில். டச்சுக்காரர் பிற்பாடு பழுது பார்த்துப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே சுவர் நிறைய இராமாயண ஓவியங்கள். அவசரப்படாமல் பாருங்கள்.

பசித்தால் ‘ப்ரூடர்’ என்ற ரொட்டியை பேக்கரிகளில் விசாரியுங்கள். மாவு, முட்டை, வெண்ணெய், உலர்திராட்சை சேர்த்தது. இலங்கையின் பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் காலையில் இதே பெயரில் இன்றும் உண்டு.

படி 3: ஒரு புத்தகத்துக்கு நேரம் கொடுங்கள்

எனக்கு டச்சு மரபிலேயே பெரியது எந்தக் கட்டடமும் அல்ல, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’தான். கொச்சியில் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரேடே முன்னின்று தொகுத்த இந்த நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. மலபாரின் 740-க்கும் மேற்பட்ட செடிகொடிகள், முழுப்பக்கப் படங்களோடு.

இந்த அறிவு வான் ரேடேயுடையது அல்ல. சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தன் குடும்பத்துச் சுவடியிலிருந்து சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய கொங்கணி வைத்தியர்களும் சொன்னார்கள். அவர்களுடைய சான்றுரைகளும் நூலிலேயே அச்சாகியிருக்கின்றன. பின்னாளில் தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் இந்த நூலை நம்பியே நம் பகுதிச் செடிகள் பலவற்றை அடையாளம் கண்டார். தாவரவியலாளர் கா.சு. மணிலால் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். கேரளப் பல்கலைக்கழகம் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பை 2003-லும் மலையாளத்தை 2008-லும் வெளியிட்டது.

நூலகத்தில் கிடைத்தால், உங்கள் வீட்டுப் பாட்டி மருந்துக்குப் பறிக்கும் செடி ஒன்றை அதில் தேடுங்கள். அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

படி 4: தமிழ்ப்பக்கம் பாருங்கள்

நேரமிருந்தால் தக்கலை அருகே உதயகிரிக் கோட்டை. குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லன்னாய் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் இறந்து அங்கே அடங்கியிருக்கிறார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையைக் கிறிஸ்தவத்துக்கு அழைத்தவரும் இவரே. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் மூன்றும் இன்னொரு பயணத்துக்கு.

படி 5: இன்றைய நெதர்லாந்தைத் தண்ணீர் வழியே அறியுங்கள்

நெதர்லாந்தின் கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. நம் அழுதையும் மணிமலையாறும் போய்ச் சேரும் குட்டநாடும் அப்படித்தான். கோட்டயத்திலிருந்து ஆலப்புழைப் படகில் போனால், வரப்புக்கு அந்தப்பக்கம் வயல் தாழ்ந்து கிடப்பது தெரியும். 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு, 2019 மே மாதம் முதல்வர் பினராயி விஜயன் நெதர்லாந்து சென்று, ஆற்றை அடைக்காமல் அது பரவ இடம் விடும் திட்டத்தை நேரில் பார்த்தார். அதே ஆண்டு அக்டோபரில் டச்சு மன்னர் வில்லெம் அலெக்சாந்தர் கொச்சிக்கு வந்தார்.

அந்த நாட்டுக்காரர்களின் அன்றாடத்தை மேலும் படிக்க நினைப்பவர் அவர்களுடைய நீர் வாரியங்களில் தொடங்கலாம். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இருப்பவை. கரையையும் கால்வாயையும் பார்த்துக்கொள்ளத் தனி வரி, தனித் தேர்தல். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களிக்கிறார்கள்.