இழுப்பு வந்தால் என்ன செய்வது: கைப்பேசியில் ஒரு திட்டம்

இரவு 2 மணிக்குக் குழந்தைக்கு இழுப்பு கண்டால், ‘டாக்டர் எத்தனை பஃப் சொன்னார்?’ என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு. அதைத் தீர்ப்பதுதான் ஆஸ்துமா செயல்திட்டம். தாளாக இருந்தால் பீரோவுக்குள் போய்விடும். கைப்பேசியில் இருந்தால் பாட்டி கையிலும் இருக்கும்.

முதலில், அதை டாக்டரே நிரப்பித் தரட்டும். இணையத்தில் வெற்றுப் படிவம் எடுத்து நாமே அளவு எழுதுவது ஆபத்து. குழந்தையின் பெயர், மருந்துகள், பஃப் எண்ணிக்கை, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஆஸ்துமா என்று உறுதி சொல்லாமல் ‘வீசிங்’ என்று மட்டும் சொல்லியிருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

திட்டத்தில் மூன்று நிறங்கள். பச்சை என்றால் ஓடி விளையாடுகிறது, இரவில் இருமல் இல்லை. பெரும்பாலான வீடுகள் சறுக்குவது இங்கேதான்: ‘நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்று தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுவார்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, அலாரம் வையுங்கள். மஞ்சள் என்றால் இரவு இருமல், இழுப்பு, சளிக்காய்ச்சலின் தொடக்கம். நிவாரண இன்ஹேலர் (சால்பியூட்டமால்) எத்தனை பஃப், எத்தனை மணிக்கொரு முறை என்பது எழுத்தில் இருக்கும், அதன்படி கொடுங்கள். போகிப் புகையும் தீபாவளி வெடியும் மஞ்சளுக்கு இழுத்துவிடும் நாட்கள், என்ன செய்வதென்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, சோர்ந்து மயங்கினாலோ அது சிவப்பு. உடனே 108. வண்டி வரும்வரை திட்டப்படி மருந்தைத் தொடருங்கள். மூச்சு திணறும்போதே இழுப்புச் சத்தம் அடங்கினால் குணமாகிவிட்டதாக எண்ணாதீர்கள். அது மோசமாகும் அறிகுறி.

திட்டத்தின் கோப்பைப் படமாகவும் சேமியுங்கள், நெட் இல்லாத இடத்திலும் திறக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பின் செய்யுங்கள். பள்ளியில் கைப்பேசி இருக்காது. ஒரு பிரிண்ட், இன்ஹேலர், அதில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் மூன்றும் சேர்ந்து பையில் போகட்டும், வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.

ஸ்பேசர் போடும் முறையை டாக்டரிடம் அனுமதி கேட்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலரைக் குலுக்கி ஒரே ஒரு பஃப், ஐந்தாறு மூச்சு; பிறகு மீண்டும் குலுக்கி அடுத்தது. ஒன்றாக இரண்டு அழுத்தினால் உள்ளே போகும் மருந்து குறையும். தடுப்பு மருந்து ஸ்டீராய்டாக இருந்தால், முடிந்ததும் வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும்.

நிவாரண இன்ஹேலர் கொடுத்த நாளையெல்லாம் அதே கைப்பேசியில் குறித்து வாருங்கள். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 5 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஒரு முறைக்கு மேல் என்றாலே.

அளவு மாறிப் புதுத் திட்டம் வந்ததும் பழைய கோப்பை எல்லாக் கைப்பேசிகளிலிருந்தும் அழித்துவிட்டு, பள்ளிப் பையில் இருக்கும் தாளையும் மாற்றுங்கள்.