டர்போவுக்குத் துணியா, தகடா?

கேள்வி: டர்போ டீசல் காரின் புகைக்குழாய்க்கு வெப்பத்துணி சுற்றலாமா?
— வாசகர், மணமேல்குடி

பதில்: உங்கள் ஊருக்குத் துணியைவிட வெப்பம் தடுக்கும் தகடுதான் நல்லது. கடற்காற்றின் உப்பு ஈரத்தைத் துணி உறிஞ்சிக் குழாயோடு ஒட்டவைக்கும். சாதா இரும்புக் குழாய் வெளியே தெரியாமலே துருவேறி ஓட்டையாகும். அதோடு, பாரம் இழுக்கையில் டர்போவுக்குள் நுழையும் புகை 700 டிகிரி செல்சியஸைத் தொடும். சாதாரணக் கண்ணாடியிழைத் துணி 550 டிகிரிக்கு மேல் தாங்காது.

அலுமினியத் தகட்டைக் குழாயை ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், இடையில் காற்றும் ஓடும். டர்போவுக்குப் போர்வை போட்டே ஆகவேண்டுமென்றால் புகை நுழையும் பக்கத்துக்கு மட்டும் போடுங்கள். நடுவே பேரிங் இருக்கும் பகுதியை மூடினால் ஆயில் கருகிவிடும். ஆயில் கசிவு இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள், ஆயிலில் ஊறிய துணி தீப்பிடிக்கும்.

குழாயில் சுற்றப் பழைய கல்நார்க் கயிற்றை யார் தந்தாலும் வாங்காதீர்கள். அதன் தூசி நுரையீரல் புற்றுநோய் தருவது.