தாய்ப் பட்டியலும் பிள்ளைப் பட்டியலும்: விளம்பரக் கணக்கைச் சேர்க்கும் முறை



வீட்டிலிருந்தபடியே துணி, அத்தர், மசாலாப் பொடி விற்கும் குடும்பங்கள் நம் பகுதியில் பல. முன்பெல்லாம் வாசலில் ஒரு போர்டு வைத்தால் போதும். இப்போது ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் கட்டி விளம்பரம் செய்கிறோம். கட்டிய பணம் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்ப்பதில்தான் தடுமாறுகிறோம்.

அறக்கட்டளையின் ஞாயிறு கணினி வகுப்பிற்குச் சென்ற மாதம் ஒரு சகோதரி மடிக்கணினியோடு வந்தார். அபாயாவும் சீருடையும் தைத்து விற்கும் குடும்பம். பெருநாள் உடைகளுக்கு ஒரு விளம்பரத் தொகுப்பு, பள்ளிச் சீருடைக்கு ஒன்று என இரண்டு ஓட்டியிருந்தார்கள். அவர் போட்ட கணக்கில் பெருநாள் விளம்பரம் 3,000 ரூபாய் நட்டம் என்று வந்திருந்தது. "அத்தா இனி இந்த விளம்பரமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. தைக்க வர்ற மூணு பேருக்கும் வேலை இல்லன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். ஷீட்டை வாங்கிப் பார்த்தோம். வியாபாரத்தில் நட்டமே இல்லை. இரண்டு பட்டியல்களைச் சேர்த்த விதத்தில் தவறு இருந்தது. இதே தவறு பலருக்கும் நேர்வதால் அதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஃபேஸ்புக் விளம்பரம் 2014 முதல் மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே கேம்பெய்ன், அதன் கீழே ஆட் செட், அதாவது எந்த ஊர், எந்த வயது, எவ்வளவு பட்ஜெட் என்பது, அதன் கீழே நாம் கண்ணால் பார்க்கும் படமும் எழுத்தும் கொண்ட ஆட். ஒரு கேம்பெய்னுக்குப் பல பிள்ளைகள் இருக்கலாம். ஒரு ஆட்டுக்குத் தாய் ஒன்றே. ஒவ்வோர் அடுக்கிற்கும் தனித்தனி அறிக்கை இறக்கிக்கொள்ளலாம்.

ஜமாஅத்தின் தலைக்கட்டு நோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு சந்தா. இன்னொரு நோட்டில் அந்த வீட்டின் ஆறு பேரின் பெயரும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குகிறேன் என்று ஆறு பெயருக்கும் நேராகச் சந்தாத் தொகையை எழுதிவிட்டுக் கூட்டினால், ஒரு வீடு ஆறு சந்தா கட்டியதாக ஆகிவிடும். நோட்டில் இப்படி யாரும் செய்யமாட்டார்கள். கணினியில் செய்துவிடுகிறோம், ஏனென்றால் அங்கே எழுதுவது நம் கை இல்லை.

அந்தச் சகோதரியின் ஷீட்டில் நடந்தது இதுதான். பெருநாள் கேம்பெய்னின் செலவு 6,000 ரூபாய், சீருடைக்கு 4,000. பெருநாளுக்கு மூன்று ஆட், சீருடைக்கு ஒன்று. ஆட் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நேராக வி-லுக்கப் மூலம் கேம்பெய்ன் செலவைக் கொண்டுவந்திருந்தார். 6,000 மூன்று முறை வந்து 18,000 ஆயிற்று. துணி, தையல் கூலி போகப் பெருநாள் உடையில் மிஞ்சியது 15,000; எனவே 3,000 நட்டம்! சீருடைக்கு ஒரே ஆட் என்பதால் அதன் கணக்கு மட்டும் சரியாக இருந்தது. 6,500 மிஞ்சியதில் 4,000 போக 2,500 லாபம். உண்மையில் பெருநாள் விளம்பரம் 9,000 ரூபாய் தந்திருக்கிறது. நல்லதை நிறுத்திவிட்டுச் சுமாரானதை வைத்துக்கொள்ள இருந்தார்கள்.

ஷீட்டின் செலவு மொத்தம் 22,000. விளம்பரப் பக்கத்தின் அடியில் காட்டிய மொத்தம் 10,000. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பட்டியல்களைச் சேர்ப்பதற்கு முன் இருந்த மொத்தமும் சேர்த்த பின் வரும் மொத்தமும் ஒன்றாக இருக்கவேண்டும். நாங்கள் வகுப்பில் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

சரியான வழி என்ன? பிள்ளைகளின் எண்களை முதலில் தாய் வாரியாகக் கூட்டிக்கொண்டு, பிறகு தாயோடு சேர்க்கவேண்டும். எக்செலில் சம்-இஃப் அல்லது பிவட் டேபிள் இதைச் செய்யும். வி-லுக்கப் முதலில் கிடைக்கும் ஒரு வரியை மட்டுமே எடுத்துத் தரும். ஆகவே பிள்ளையிலிருந்து தாயின் பெயரைத் தேட அது போதும். தாயிலிருந்து பிள்ளைகளின் தொகையைத் தேடினால் முதல் பிள்ளையின் தொகைதான் வரும். பெயரை எத்தனை வரியில் வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள். தொகையைக் கொண்டுவரும்போதுதான் கை நிற்கவேண்டும்.

ஆட் வாரியாகச் செலவு வேண்டுமானால் ஆட் அறிக்கையிலேயே அது தனியாக இருக்கிறது, அதை எடுக்கலாம். ஆனால் போட்டோ எடுத்தவருக்குக் கொடுத்த பணம் போன்றவை கேம்பெய்ன் முழுவதற்கும் சேர்ந்தவை. அவற்றைத் தாய் வரியிலேயே விட்டுவிடுவது நல்லது. பிரித்தே ஆகவேண்டும் என்றால் ஆட் செலவின் விகிதத்தில் பிரிக்கலாம்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஒரே தாய்க்கு இரண்டு வகைப் பிள்ளைகள் இருக்கும்போது, அதாவது கேம்பெய்னுக்குக் கீழே ஆட்களும் இருக்கின்றன, அதனால் வந்த ஆர்டர்களும் இருக்கின்றன என்றால், மூன்றையும் ஒரே மூச்சில் சேர்க்கக்கூடாது. மூன்று ஆட், இருபது ஆர்டர் என்றால் அறுபது வரி உண்டாகும். 15,000 லாபம் 45,000 ஆகும். 6,000 செலவு 1,20,000 ஆகும். இங்கும் மருந்து அதேதான்: ஆட்களைத் தனியே கூட்டி, ஆர்டர்களைத் தனியே கூட்டி, தாய்க்கு ஒரு வரி வந்த பிறகே இணைப்பு.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை மட்டும் கூட்டவே கூடாது. ஒரே ஆள் மூன்று ஆட்டையும் பார்த்திருந்தால் கேம்பெய்ன் அறிக்கையில் அவர் ஒருவர்தான், கூட்டினால் மூவராகிவிடுவார். அந்த எண்ணை அந்தந்த அடுக்கின் அறிக்கையிலிருந்தே எடுங்கள்.

இணைப்பதற்குப் பெயரை நம்பவேண்டாம், ஐடி எண்ணைப் பயன்படுத்துங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஃபேஸ்புக் ஐடிகள் பெரும்பாலும் 17, 18 இலக்கம் கொண்டவை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் காப்பாற்றும்; மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். இறக்கிய கோப்பை இருமுறை தட்டித் திறந்தாலே போதும், வெவ்வேறு ஆட்கள் ஒரே ஐடிக்கு வந்துவிடலாம். 'டேட்டா' பகுதி வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, ஐடி பத்தியை எண்ணாக இல்லாமல் எழுத்தாக மாற்றியபின் ஷீட்டில் இறக்குங்கள். அதோடும் முடியவில்லை. எழுத்தாக இருந்தாலும் சம்-இஃப் அதை எண்ணாக நினைத்தே ஒப்பிடும். ஐடிக்கு முன்னால் ஓர் எழுத்தை ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். எங்கள் வகுப்பிலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று.

கடைசியாக, ஜோடி இல்லாத வரிகள். ஓர் ஆர்டரும் வராத ஆட்டும் பணம் தின்றிருக்கிறது. விற்பனை இல்லை என்று அதைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டால் செலவு குறைவாகத் தெரியும். பூஜ்யம் போட்டு வைத்திருங்கள். எந்த விளம்பரத்தால் வந்தது என்று தெரியாத ஆர்டர்களுக்கு 'தெரியாது' என்று ஒரு தாய் வரியை உண்டாக்கி அதன் கீழ் வையுங்கள். விளம்பரமே பார்க்காமல் வழக்கமாக வாங்கும் வாடிக்கையாளர்களும் அதில்தான் வருவார்கள்.

திருத்திய ஷீட்டைப் பார்க்க அடுத்த வாரம் சகோதரியின் அத்தாவே வந்தார். 9,000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, "சரி, மூணு படத்துல எந்தப் படம் வித்துச்சு?" என்று கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் அவர்கள் ஆர்டர்களை உடையின் வகைப்படி மட்டுமே பிரித்திருந்ததால் பதில் சொல்ல வழியில்லை. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. விளம்பரத்தைத் தொட்டு வாட்ஸ்அப்புக்கு வருபவருக்கு முதல் செய்தியை நாமே எழுதி வைக்கலாம். அடுத்த விளம்பரத்தில் ஒவ்வொரு படத்திற்கும் அந்தச் செய்தியில் ஒரு குறிப்புச் சொல் வைத்து, ஆர்டர் நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி போடச் சொல்லியிருக்கிறோம். தைக்கும் மூன்று பேரும் இப்போதும் வந்துகொண்டிருக்கிறார்கள்.